அப்டேட் முடிந்த மறுநாள் காலை

காலை 6:40-க்கு அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: "இன்னிக்குஅமாவாசைமறந்துடாதம்மா". இரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று: "டேப்லஎன்னமோஆயிடுச்சு". மயிலாடுதுறையில் முப்பது வருடம் தமிழாசிரியையாக இருந்தவர் என் அம்மா. ஒரு ஒற்று விட்டுப்போனால்கூடத் திருத்தி மறுபடி அனுப்புவார். அவர் எழுதியதில் சொற்கள் இப்படி ஒட்டிக்கொண்டு வந்ததே இல்லை. முந்தின இரவு 9:15-க்கு அவர் அனுப்பியிருந்த செய்தியைத் திறந்து பார்த்தேன். அதில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. இடையில் நடந்தது ஒன்றுதான். இரவு சார்ஜில் கிடந்த டேப்லெட் தானாகவே அப்டேட் ஆகியிருந்தது.

கீபோர்டின் கடைசி வரிசை செத்துப்போயிருந்தது. ஸ்பேஸ் பட்டன் இருக்கும் அந்த வரிசையில் எத்தனை தடவை விரலை வைத்தாலும் அசைவில்லை. அதற்கு மேலே இருந்த எழுத்துகள் எல்லாம் வேலை செய்தன. அந்த வார இறுதியில் ஊருக்குப் போய், கும்பகோணத்தில் இருந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு டேப்லெட்டை எடுத்துப்போனேன். கவுன்டரில் இருந்த தம்பி கண்ணாடியைத் துடைத்துவிட்டு அடியில் நாலு தடவை தட்டிப் பார்த்தார். "டச் பேனல் போயிடுச்சு மேடம். 7,800 ஆகும். வாரண்டி போன மாசமே முடிஞ்சிருச்சு." அப்டேட் ஆன ராத்திரியிலிருந்துதான் இப்படி என்று சொன்னேன். "அப்டேட்டால டச் போகாது மேடம். வேணும்னா ரீசெட் போட்டுப் பாக்கலாம். டேட்டா எல்லாம் போயிடும்."

ரீசெட்டுக்கு நான் சம்மதிக்கவில்லை. அப்டேட்டுக்குப் பிறகு ஒரு டேப்லெட் கோளாறு ஆனால் அதை ரிப்பேர் செய்வதற்கு முன்னால் பதிவு செய்யுங்கள். இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான். ரீசெட் உங்கள் போட்டோக்களை மட்டும் அழிப்பதில்லை, கோளாறு எப்போது, எதனால் வந்தது என்பதற்கான தடயத்தையும் சேர்த்து அழிக்கிறது. அது போன பிறகு உங்கள் பேச்சுக்கு ஆதாரம் என்று எதுவும் மிஞ்சாது.

எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது

பெரிய அப்டேட் முடிந்த முதல் ஒன்றிரண்டு நாள் டேப்லெட் மந்தமாக இருப்பதும், லேசாகச் சூடாவதும், சார்ஜ் சீக்கிரம் இறங்குவதும் பெரும்பாலும் இயல்புதான். புதிய சிஸ்டத்துக்கு ஏற்ப ஒவ்வொரு ஆப்பையும் அது பின்னணியில் மறுபடி தயார் செய்கிறது. போட்டோக்களையும் புதிதாக வகைப்படுத்துகிறது. இரவு வைஃபையில், சார்ஜில் போட்டு விட்டுவிடுங்கள். மூன்றாம் நாளும் அதே மந்தம் என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

ஆனால் டச் ஒரு பகுதியில் வேலை செய்யாமல் போவது, வைஃபை பட்டன் ஆன் ஆகாமல் நிற்பது, சார்ஜே ஏறாதது, கம்பெனி லோகோவிலேயே நின்று சுற்றிச் சுற்றி ஆரம்பிப்பது இவையெல்லாம் பொறுத்துப் பார்க்கும் விஷயங்கள் அல்ல. இவற்றில் ஒன்று தெரிந்தால் அன்றைக்கே பதிவை ஆரம்பியுங்கள்.

"அப்டேட்டால் அப்படி ஆகாது" என்பார்கள்

கவுன்டரில் இதைக் கேட்டவுடன் பாதிப் பேர் அடங்கிப்போகிறார்கள். அடங்க வேண்டாம், ஏனென்றால் அப்டேட்டால் அப்படி ஆகும். டச், வைஃபை, கேமரா, சார்ஜிங் ஒவ்வொன்றையும் இயக்குவது ஒரு மென்பொருள் துண்டுதான். சிஸ்டம் அப்டேட்டில் அவையும் மாறுகின்றன.

பெரிய நிறுவனங்களே இதை ஒப்புக்கொண்டு அப்டேட்டைத் திரும்பப் பெற்றிருக்கின்றன. 2016 மே மாதம் ஆப்பிள் வெளியிட்ட ஐஓஎஸ் 9.3.2, 9.7 அங்குல ஐபேட் ப்ரோக்கள் சிலவற்றை முடக்கிப்போட்டது. கம்ப்யூட்டரில் இணைத்தால் "எரர் 56" என்று காட்டியது. ஆப்பிள் அந்த மாடலுக்கு அப்டேட்டை நிறுத்திவிட்டு ஜூனில் திருத்திய பதிப்பை வெளியிட்டது. 2024 செப்டம்பரில் ஐபேட்ஓஎஸ் 18 வந்தபோதும், எம்4 சிப் கொண்ட ஐபேட் ப்ரோக்களில் சில உயிரற்றுப்போயின. அந்த மாடல்களுக்கு மட்டும் அப்டேட் நிறுத்தப்பட்டது. முடங்குவதற்குப் பதிலாக மெல்ல மெல்லச் சோர்ந்துபோனதற்கு உதாரணம் 2012-இல் கூகுளுக்காக ஆசுஸ் தயாரித்த நெக்சஸ் 7. 1 ஜிபி ரேம் கொண்ட அந்தச் சின்ன டேப்லெட், 2014 இறுதியில் ஆண்ட்ராய்டு 5.0 ஏறிய பிறகு பலரிடம் ஒரு பக்கம் திறக்கவே திணறியது.

2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. அது போன்கள் பற்றிய வழக்கு. பழைய மாடல் தாங்காத அப்டேட்டைப் போடச் சொல்லி நெருக்கினார்கள், விளைவைச் சரியாகச் சொல்லவில்லை, பழைய பதிப்புக்குத் திரும்பவும் வழி தரவில்லை என்பது குற்றச்சாட்டு. டேப்லெட்காரர்களின் மனக்குறையும் அதேதான்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாக் கோளாறுக்கும் அப்டேட் காரணம் அல்ல. குறைந்த விலை டேப்லெட்டுகளின் சேமிப்பு சிப் சில வருடத்தில் தேய்ந்துவிடலாம். அப்டேட் ஒரே மூச்சில் நிறைய டேட்டாவை எழுதுவதால், ஏற்கெனவே சாகக் கிடக்கும் சிப் அன்றைக்குக் காலியாகிவிடலாம். சில சமயம் சிஸ்டம் அப்டேட்டே ஆகியிருக்காது, ஓர் ஆப் மட்டும் புதுப்பிக்கப்பட்டிருக்கும். 2021 மார்ச்சில் ஆண்ட்ராய்டு போன்களிலும் டேப்லெட்டுகளிலும் ஜிமெயில் உட்படப் பல ஆப்கள் திறந்த கையோடு மூடிக்கொண்டன. காரணம் "ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ" என்ற ஒரே ஓர் ஆப்பின் அப்டேட். தெரிந்தவர்கள் அதன் அப்டேட்டை நீக்கிவிட்டுச் சில நிமிடத்தில் வேலையைத் தொடர்ந்தார்கள். தெரியாதவர்கள் ரீசெட் போட்டார்கள். எது மாறியது என்று முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

தடயம் சேர்ப்பது

ஒரு நோட்டுப் புத்தகத்தையும் இன்னொரு போனையும் எடுத்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸில் "அபௌட் டேப்லெட்" பகுதிக்குப் போனால் ஆண்ட்ராய்டு பதிப்பு, பில்டு நம்பர், செக்யூரிட்டி பேட்ச் தேதி மூன்றும் இருக்கும். ஐபேடில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட். இந்தத் திரையை மற்ற போனில் படம் எடுங்கள். டேப்லெட்டிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் டேப்லெட் போகும்போது அதுவும் போய்விடும். சீரியல் நம்பரைக் கையால் எழுதி வையுங்கள்.

அடுத்து, கோளாறை வீடியோ எடுங்கள். ஒரு நிமிடம் போதும். விரல் எங்கே படுகிறது, என்ன நடக்கவில்லை என்பது தெரிய வேண்டும்.

அப்டேட்டுக்கு முந்தின நாள் டேப்லெட் நன்றாக இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி தேடுங்கள். பெரும்பாலும் அது நம் வீட்டிலேயே இருக்கும். குழந்தை முந்தின மாலை வரைந்து சேமித்த படம், ஆன்லைன் வகுப்பில் சேர்ந்த நேரம், வீடியோ கால் பட்டியல் என்று எதுவாகவும் இருக்கலாம். எனக்குக் கிடைத்த சாட்சி அம்மாவின் செய்திகள். இரவு 9:15-க்கு இடைவெளி இருந்தது, காலை 6:40-க்கு இல்லை. அந்த இரண்டையும் ஒரே படத்தில் வைத்தபோது, நான் அதுவரை போனில் அரை மணி நேரம் விளக்கியதைவிட அது நன்றாகப் பேசியது.

டச் கோளாறு என்றால் ஒரு சோதனை கட்டாயம் செய்யுங்கள். டேப்லெட்டைக் குறுக்காகத் திருப்புங்கள். கண்ணாடி கெட்டிருந்தால் செத்த இடம் அங்கேயே இருக்கும். அதாவது அடியில் இருந்த பட்டை இப்போது இடது அல்லது வலது ஓரத்துக்குப் போயிருக்கும். எப்படித் திருப்பினாலும் செத்த இடம் திரையின் அடிப்பக்கத்துக்கே வந்தால், கெட்டது மென்பொருள். அம்மாவின் டேப்லெட்டில் பட்டை ஒவ்வொரு முறையும் அடிக்கே வந்தது. கும்பகோணத்துக் கவுன்டரில் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அந்தத் தம்பி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய் மேனேஜரை அழைத்து வந்தார்.

அழிக்காத வைத்தியம்

தடயம் சேர்ந்த பிறகு டேட்டா போகாத வழிகளை முயலலாம். முதலில் வலுக்கட்டாய ரீஸ்டார்ட். பல ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்துப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் போதும். ஹோம் பட்டன் இல்லாத ஐபேடில், மேல் பட்டனுக்குப் பக்கத்தில் உள்ள வால்யூம் பட்டனை அழுத்தி விட்டு, அடுத்ததையும் அழுத்தி விட்டு, பிறகு மேல் பட்டனை லோகோ தெரியும்வரை பிடித்திருக்க வேண்டும்.

பிறகு சேஃப் மோட். பெரும்பாலான ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் பவர் மெனுவில் "பவர் ஆஃப்" என்ற எழுத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் கேட்கும். அதில் நீங்கள் ஏற்றிய ஆப்கள் எதுவும் ஓடாது. அங்கே கோளாறு இல்லை என்றால் குற்றவாளி ஏதோ ஓர் ஆப். அங்கேயும் இருந்தால் சிஸ்டம். இதையும் வீடியோ எடுத்து வையுங்கள், சர்வீஸ் சென்டரில் "நீங்க ஏதோ ஆப் போட்டிருக்கீங்க" என்ற வாதம் அத்தோடு முடியும். ரிகவரி மெனு இருக்கும் டேப்லெட்டுகளில் "வைப் கேஷ் பார்ட்டிஷன்" இருந்தால் அதைச் செய்யலாம், டேட்டா போகாது. அதே மெனுவில் பக்கத்துப் பக்கத்து வரியிலேயே "வைப் டேட்டா" இருக்கும். இரண்டு தடவை படித்துவிட்டு அழுத்துங்கள்.

ஐபேட் லோகோவிலேயே நின்றுவிட்டால் கம்ப்யூட்டரில் இணைத்து ரிகவரி மோடுக்குப் போகும்போது "அப்டேட்", "ரீஸ்டோர்" என்று இரண்டு பட்டன் வரும். முதலில் "அப்டேட்". அது டேட்டாவை அழிக்காமல் சிஸ்டத்தை மறுபடி நிறுவ முயலும். "ரீஸ்டோர்" எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

டச் முழுதாகப் போய்விட்ட ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலிருந்து டேட்டாவை எடுக்க ஒரு வழி இருக்கிறது. ஓடிஜி கேபிள் ஒன்றை வாங்கி, கம்ப்யூட்டர் மவுஸைச் செருகுங்கள். திரையில் அம்புக்குறி வரும். அதை வைத்து லாக்கைத் திறந்து, போட்டோக்களைப் பேக்கப் எடுத்துவிடலாம். நூறு, இருநூறு ரூபாய்ச் செலவு. சர்வீஸ் சென்டர்களில் இதை நமக்கு யாரும் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

கடைசியில் ரீசெட்டே செய்ய வேண்டி வந்தால், அந்த டேப்லெட்டில் போட்டிருக்கும் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டு உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று வேறொரு கருவியில் உள்ளே நுழைந்து பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ரீசெட் முடிந்ததும் அதே கணக்கைக் கேட்கலாம். 2016 மார்ச்சில் ஐஓஎஸ் 9.3 ஏற்றிய பழைய ஐபேடுகள் பலவற்றில் இதே கதிதான். முதன்முதலில் போட்ட பழைய ஆப்பிள் ஐடி எது என்று தெரியாமல் பலர் வெளியே நின்றார்கள். வீட்டுப் பெரியவர்களின் டேப்லெட்டை நாம்தான் அமைத்துக் கொடுத்திருப்போம், அந்தப் பாஸ்வேர்டும் நம் தலையில்தான் இருக்கும்.

"பழைய வெர்ஷனையே போட்டுக்கலாமே?" என்று கேட்பீர்கள். அநேகமாக முடியாது. ஆப்பிள் புதிய பதிப்பு வந்த கொஞ்ச நாளில் பழையதை ஏற்றும் அனுமதியை நிறுத்திவிடுகிறது. பல ஆண்ட்ராய்டு நிறுவனங்களும் பின்னோக்கிப் போவதைத் தடுத்து வைத்திருக்கின்றன. வெளிக்கடையில் "பிளாஷ் பண்ணித் தரேன்" என்பார்கள். வாரண்டி இருக்கும்போதும், புகார் நடக்கும்போதும் அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். வெளியாள் கை வைத்தது என்று நிறுவனம் ஒதுங்கிக்கொள்ள அது ஒன்று போதும்.

ஜாப் ஷீட்டில் என்ன எழுதுகிறார்கள்

நீங்கள் கவுன்டரில் எவ்வளவு விளக்கிச் சொன்னாலும் பின்னால் நிற்பது ஜாப் ஷீட்டில் எழுதியிருப்பதுதான். முதலில் எனக்குத் தந்ததில் "டச் நாட் ஒர்க்கிங்" என்று மூன்று சொல்தான் இருந்தது. "இன்ன தேதி சாஃப்ட்வேர் அப்டேட்டுக்குப் பிறகு, திரையின் அடிப்பகுதியில் டச் இல்லை, டேப்லெட்டைத் திருப்பினால் பகுதி மாறுகிறது" என்று எழுதச் சொன்னேன். கட்டத்தில் இடம் இல்லை என்றார்கள். பின்பக்கம் எழுதிக் கையெழுத்தும் சீலும் போட்டுத் தந்தார்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் "உடல் சேதம்", "நீர் பட்டது" போன்ற கட்டங்களில் டிக் விழுந்திருக்கிறதா பாருங்கள். ஒப்படைக்கும் முன் டேப்லெட்டின் முன்பக்கம், பின்பக்கம், நாலு ஓரம் எல்லாவற்றையும் அங்கேயே அவர்கள் கண்முன் படம் எடுங்கள். இது சண்டைக்கு அல்ல, அங்கே வேலை செய்பவர்களுக்கும் பாதுகாப்புதான். அவர்கள் மேல் கோபத்தைக் காட்டிப் பயனும் இல்லை. கும்பகோணத்துத் தம்பியின் கையில் இருந்ததெல்லாம் ஒரு விலைப்பட்டியலும் மேலே அனுப்ப ஒரு படிவமும்தான். முடிவு எடுப்பவர் வேறெங்கோ இருக்கிறார். அவரிடம் போய்ச் சேர்வது எழுத்து மட்டுமே.

ஆகவே கஸ்டமர் கேரில் போனில் பேசி முடித்த ஒவ்வொரு முறையும் புகார் எண்ணை வாங்கி, அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். என் மின்னஞ்சல் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"இந்த டேப்லெட் (சீரியல் எண், வாங்கிய தேதி) இன்ன தேதி இரவு 9:15 வரை சரியாக இயங்கியது. அன்று இரவு உங்கள் நிறுவனம் அனுப்பிய அப்டேட் (பில்டு எண்) தானாக நிறுவப்பட்டது. மறுநாள் காலை 6:40 முதல் திரையின் அடிப்பகுதியில் டச் இல்லை. திரையைத் திருப்பினால் செயல்படாத பகுதியும் நகர்கிறது; எனவே இது பேனல் கோளாறு அல்ல. இரண்டு வீடியோ, ஒரு படம், ஜாப் ஷீட் இணைத்துள்ளேன். மென்பொருளைக் கட்டணமின்றிச் சரிசெய்து தருமாறு கேட்கிறேன். 10 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்."

இதில் கோபம் இல்லை, மிரட்டல் இல்லை. தேதிகள் இருக்கின்றன, வேண்டியது என்ன என்பது இருக்கிறது. "ரீசெட் செய்து பாருங்கள்" என்று எனக்கு மூன்று முறை ஒரே பதில் வந்தது. மூன்று முறையும் அதே மின்னஞ்சலை, அடியில் நாள் கணக்கை மட்டும் மாற்றி, திருப்பி அனுப்பினேன். கோபம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். அம்மா அந்த நாட்களில் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் ஒரு முற்றுப்புள்ளி வைத்து எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் புள்ளி எழுத்துகளுக்கு மேல் வரிசையில் இருந்ததால் வேலை செய்தது. புள்ளி புள்ளியாக வந்த அந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

வாரண்டி முடிந்தபின்

வாரண்டி முடிந்துவிட்டது என்றால் உரிமையும் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விற்ற பிறகு நிறுவனமே தன் கையால் செய்த மாற்றம் இது. தேய்மானமும் அல்ல, நாம் கீழே போட்டதும் அல்ல. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளின் குறைபாட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை. அலட்சியத்தாலோ, சொல்ல வேண்டிய தகவலை வேண்டுமென்றே சொல்லாததாலோ நுகர்வோருக்கு இழப்பு வந்தால் அதையும் சேவைக் குறைபாடு என்கிறது. உங்கள் புகாரை அந்த வார்த்தைகளில் எழுதுங்கள்.

முதல் படி 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பல நிறுவனங்களில் இதற்கென்று தனி ஆட்கள் இருப்பதால், கஸ்டமர் கேரில் வாரக்கணக்கில் கிடந்தது இங்கே நகரும். என் விஷயத்தில் 1915-க்குச் சொன்ன ஆறாம் நாள் நிறுவனத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். வீடியோவைப் பார்த்திருந்தார், பேனல் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அங்கேயும் நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஆய்வு தேவைப்படாத வழக்கை 3 மாதத்தில், தேவைப்படுவதை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைவிடக் கூடுதல் நாள் ஆகும் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். 6,000 ரூபாய் டேப்லெட்டுக்கு இவ்வளவு அலைய வேண்டுமா என்பது அவரவர் முடிவு. நான் 1915 வரையாவது எல்லோரும் போக வேண்டும் என்பேன், ஏனென்றால் ஒரே பில்டு எண்ணோடு நூறு புகார் சேர்ந்தால் அது தனிப்பட்ட கோளாறு என்று யாரும் சொல்ல முடியாது.

அப்டேட்டே வேண்டாம் என்று நிறுத்திவிடலாமா? கூடாது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் அதே அப்டேட்தான், அதுவும் பேங்க் ஆப் இருக்கும் டேப்லெட்டில். ஆனால் அது தானாக ஏறுவதை நிறுத்தலாம். ஐபேடில் "சாஃப்ட்வேர் அப்டேட்" பக்கத்திலேயே தானியங்கி அப்டேட்டை அணைக்க வசதி உண்டு. பல ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் "டெவலப்பர் ஆப்ஷன்ஸ்" பட்டியலில் "ஆட்டோமேட்டிக் சிஸ்டம் அப்டேட்ஸ்" என்று இருக்கும். மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை ஒரு வாரத்துக்குள் போடுங்கள். பதிப்பு எண்ணே மாறும் பெரிய அப்டேட்டுக்கு ஒரு மாதம் காத்திருக்கலாம். போடும் முன் பேக்கப் எடுத்து, பாதி சார்ஜுக்கு மேல் இருக்கும்போது, பகலில் போடுங்கள்.

புதிதாக வாங்கும்போது எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு டேப்லெட் மாடலின் விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது 5 வருடம் அப்டேட்டுகள் கிடைக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நாம் கேட்கக் கேட்கத்தான் அது இங்கேயும் வரும்.

டேப்லெட்டைத் திரும்ப வாங்கும்போது

டேப்லெட்டைச் சரிசெய்யக் கொடுத்த பிறகு, கோளாறு வந்த பத்தொன்பதாம் நாள் கும்பகோணத்திலிருந்து போன் வந்தது. கட்டணம் இல்லை. இந்தத் தடவை அம்மாவையும் அழைத்துப் போனேன். கவுன்டரிலேயே உட்கார்ந்து சோதித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று வரும் வழியில் சொல்லி வைத்திருந்தேன். வைஃபை, சார்ஜ், ஸ்பீக்கர், கேமரா ஒவ்வொன்றாகப் பார்த்தோம். புதிய பில்டு எண்ணையும் செய்த வேலையையும் ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லி ஒரு பிரதி வாங்கினோம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டு முகவரியை முழுதாக அடித்தார். கதவு எண், தெரு, ஊர், பின்கோடு எல்லாம் இடைவெளி விட்டு. டேப்லெட்டைக் குறுக்காகத் திருப்பி வைத்துக்கொண்டு முகவரியை மறுபடி முதலிலிருந்து அடித்தார். அதற்குப் பிறகுதான் பேனாவைக் கேட்டார்.